ஒத்தைக்கு ஒத்தை

நாகல் நகர், திண்டுக்கல்
8-2-1959

தம்பி ஆண்டிச்சாமிக்கு,

உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஆறு வருஷமாகக் கேட்காத நலத்தை இப்போது கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். நீ போடியில் ஏலக்காய் ஸ்டோரில் மேஸ்திரியாக இருப்பதாக, அங்கே வந்துபோன சடையாண்டி சொன்னான். விலாசமும் அவன் கொடுத்ததுதான்.

வள்ளிக்குக் கல்யாணம் பேசிவிட்டார் உன் மச்சான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை தொப்பம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் மகன் நாச்சிமுத்து. முப்பத்திநாலு வயது. முதல் பெண்டாட்டி போன வருஷம் பிரசவத்தில் செத்துப்போனாள். என் மகளுக்குப் பதினாலு இன்னும் முடியவில்லை. அத்தை மகன், முறைக்காரன், கேட்டால் மறுக்க முடியாது என்கிறார். ஆவணியில் முகூர்த்தம்.

வள்ளி இந்த வருஷம் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். அவளுடைய டீச்சர் இஞ்ஞாசியம்மாள் வீடு தேடி வந்தார். மதுரையில் எட்டாவது முடித்த பெண்களை டீச்சர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறார்களாம். ஹாஸ்டல் உண்டாம், செலவு நமக்கு இல்லையாம். "ரெண்டே வருசம், உங்க மக டீச்சர்" என்றார். உன் மச்சான் வெற்றிலையை மென்றுகொண்டே எழுந்து போய்விட்டார்.

தாய்மாமன் மாலை எடுத்துத் தராமல் நம் சனத்தில் கல்யாணம் நடக்காது. நீ வந்து நாலு பேர் முன்னால் சம்மதமில்லை என்று சொன்னால் போதும். சீட்டுக் கட்டை இந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் நீ. அதற்காவது வா.

சுந்தரம்மாள்

போடி
17-2-1959

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வரமாட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் இருபது பேர் முன்னால் "சீட்டை ஒளிச்ச பய" என்று சொல்லி உன் புருஷன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். அன்று நீ தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. சோற்றை அவருக்கு எடுத்து வைத்தாய். இப்போது தாய்மாமன் வேண்டுமாம், மாலை வேண்டுமாம். செருப்படி வாங்கியவன் சம்மதத்தை எந்தச் சபை கேட்கும்?

சீட்டுக் கட்டை நான் கொண்டுவந்தேன் என்பது சரி. அவருக்கு ஆடத் தெரியும் என்பது உன் கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. கைதேர்ந்த சீட்டாட்டக்காரர் என்று எனக்கு அவர்மேல் ஒரு பிரமிப்பு. அந்தப் பாவத்தை வேண்டுமானால் என்மேல் போடு.

அவரிடம் அழுது ஒன்றும் நடக்காது. சீட்டைத் தொடமாட்டேன் என்று பழனியில் இரண்டு தடவை மொட்டை போட்டவர். சாமிக்குச் சொன்னதை மீறினார், உனக்குச் சொன்னதை மீறினார். சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன சொல்லை மட்டும் மீறி நான் பார்த்ததில்லை. கட்டியிருந்த வேட்டியைப் பந்தயம் வைத்துத் தோற்று, இடுப்பில் துண்டோடு வீடு வந்தாரே, நினைவிருக்கும். நீயும் ஒரு சீட்டுக் கட்டாகப் பிறந்திருந்தால் உன் பேச்சைக் கேட்டிருப்பார்.

ஆண்டிச்சாமி

நாகல் நகர்
3-3-1959

தம்பிக்கு,

நீ வரமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன்.

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. லாரியில் புகையிலைச் சிப்பம் ஏற்றும்போது உன் மச்சான் மேலேயிருந்து விழுந்துவிட்டார். வலது கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. இரண்டு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அவரோடு சேர்ந்து ஆடிய ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாறு நாள் சுவரையே பார்த்துக் கிடந்தார். அப்புறம் ஒரு மத்தியானம், "ஏ புள்ள, செத்த நேரம் இப்பிடி உக்காரு. சும்மா புளியங்கொட்டைக்கு ஆடுவோம்" என்றார்.

இப்போது தினமும் சோறு ஆக்கி இறக்கிய பிறகு, மில்லில் ஐந்து மணிச் சங்கு ஊதுகிறவரை ஆடுகிறோம். மூணு சீட்டு ஆட்டம்தான். ஆளுக்கு நூறு கொட்டை. முதல் நாள் எனக்கு ராணி எது ராஜா எது என்றே தெரியாது. சொல்லிக் கொடுத்தார். தினமும் என் நூறையும் துடைத்து எடுத்துவிட்டுச் சிரிக்கிறார். பதினைந்து வருஷத்தில் இந்த மனுஷர் என்னோடு இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை. அதை நினைத்தால் சீட்டைக் கிழித்து அடுப்பில் போடலாம் போல இருக்கிறது.

சீட்டில் சொன்ன சொல்லை மீறமாட்டார் என்று எழுதியிருந்தாய். அது உண்மையென்றால் நான் அவரை ஜெயிக்க வேண்டும். ஒரே ஒருத்தரை எதிரே வைத்து ஆடி ஜெயிப்பது எப்படி? நீ நேரில் வர வேண்டாம். எழுது.

சுந்தரம்மாள்

போடி
11-3-1959

அக்காவுக்கு,

ஆறு வருஷமாக நான் சீட்டைத் தொடவில்லை. நீ கேட்டாய் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனசில் இருப்பது பயமா ஆசையா என்று தெரியவில்லை.

ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது யாராவது ஒருத்தருக்கு நல்ல சீட்டு வந்திருக்கும். அதனால் பொறுத்திருந்து, நல்ல கை வந்தால் மட்டும் கட்டினால் பிழைக்கலாம். எதிரே ஒருத்தர் மட்டும் என்றால் அந்தக் கணக்கே வேறு. பெரும்பாலான கையில் உனக்கும் ஒன்றும் இருக்காது, அவருக்கும் ஒன்றும் இருக்காது. ஜோடிக்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு கையிலும் முதலில் வைக்கிற இரண்டு இரண்டு கொட்டையாகப் போய் நீ வற்றிவிடுவாய். ஒத்தைக்கு ஒத்தையில் ஒரு ராஜாவே நல்ல கை. முதலில் துணிந்து கட்டுகிறவர் பக்கம்தான் பாதிக் கை வந்து விழும். தினமும் உன் நூறும் போவதற்குக் காரணம் உன் சீட்டு இல்லை, நீ காத்திருப்பதுதான். பிறந்ததிலிருந்து உனக்கு அதுதானே பழக்கம்.

இரண்டாவது. சீட்டைப் பங்கிட்டதும் உன் சீட்டை எடுத்துப் பார்க்காதே. அவர் தன் சீட்டைப் பார்க்கும்போது அவரைப் பார். அவர் பார்த்து முடித்த பிறகு உன்னுடையதை எடு. எதிரே ஒரே முகம் இருக்கும்போது அந்த முகம்தான் உன் நாலாவது சீட்டு. கிட்டங்கியில் அவர் முகத்தை எங்களால் படிக்க முடியவில்லை. பதினைந்து வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவள் நீ.

மூன்றாவது. யாராவது ஆட்டத்தை விட்டுக் கையைப் போட்டுவிட்டால், போட்ட சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. அப்படியே சீட்டுக் கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட வேண்டும். அதை மீறினால் உன்னோடு ஆடவே மாட்டார்.

பந்தயப் பேச்சை நீ எடுக்காதே. அவர் வாயிலிருந்து வரட்டும்.

ஆண்டிச்சாமி

நாகல் நகர்
24-3-1959

தம்பிக்கு,

நீ எழுதியபடி ஆடினேன். முதல் மூன்று நாள் முன்னைவிடச் சீக்கிரம் தோற்றேன். நாலாம் நாள் சங்கு ஊதும்போது என்னிடம் எழுபது கொட்டை மிச்சம் இருந்தது. "ஏது, காத்து திரும்புது" என்றார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வள்ளி உள்ளேயிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஆடுவதே அவளுக்குப் பிடிக்காது. இப்போது அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

அவர் முகத்தைப் படித்துவிட்டேன். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. கையில் ஒன்றுமில்லாதபோது பேசுவார். வெஞ்சனத்தில் உப்பில்லை, பக்கத்து வீட்டுக் கோழி கத்துகிறது என்று எதையாவது இழுப்பார். நல்ல சீட்டு வந்தால் வாய் அடங்கிவிடும். கால் கட்டுக்கு மேலே தொடையைச் சொறிகிற கை அப்படியே நின்றுவிடும். வீட்டிலும் அப்படித்தான். பொய் சொல்கிற நாளில் ஊர்க்கதை எல்லாம் பேசுவார். என் கழுத்தில் கிடந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனானே ஒரு நாள், அன்று பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எழுதும்போது மரியாதை குறைந்துவிட்டது. அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அது தெரிந்தும் பெரிய கையை என்னால் ஜெயிக்க முடியவில்லை. அவருக்கு நல்ல சீட்டு என்று தெரிந்தால் நான் போட்டுவிடுகிறேன். அதோடு சரி. நல்ல சீட்டு வைத்திருக்கிறவரைப் போட வைப்பது எப்படி? தொப்பம்பட்டியிலிருந்து சித்திரையில் நிச்சயப் பூ வைக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாள் இல்லை.

சுந்தரம்மாள்

போடி
1-4-1959

அக்காவுக்கு,

நீ கேட்கிற வித்தைக்குப் பெயர் பொய். சீட்டில் பொய் சொல்லாமல் ஒருத்தரும் ஒத்தைக்கு ஒத்தை ஜெயித்ததில்லை.

பொய்க்கு முதலில் நம்பிக்கை சேர்க்க வேண்டும். இன்று முதல் சின்னக் கையில் எப்படி வேண்டுமானாலும் ஆடு. முப்பது கொட்டைக்கு மேல் கட்டுவதாக இருந்தால் மட்டும், நிஜமாகவே நல்ல சீட்டு இருக்கும்போது கட்டு. அவர் போட்டுவிட்டாலும் உன் சீட்டைத் திருப்பிக் காட்டு. "பாருங்க, எனக்கு ஜோடி" என்று காட்டு. பத்து நாள் இப்படிப் போனால், இவள் பெரிதாகக் கட்டினால் கையில் இருக்கும் என்று அவர் மனசில் பதிந்துவிடும். ஏற்கெனவே உன்னைப் பொய் சொல்லத் தெரியாதவள் என்றுதான் நினைத்திருக்கிறார். அதை வைத்துத்தான் உன்னை இத்தனை வருஷம் ஏமாற்றினார். அதுதான் உன் கைமுதல்.

பிறகு ஒரே ஒரு தடவை, ஒன்றுமில்லாமல் கட்டு. உண்மையான கைக்கு எவ்வளவு நேரம் எடுப்பாயோ அவ்வளவே எடு. எப்படிக் கொட்டையைத் தள்ளுவாயோ அப்படியே தள்ளு. அவர் முகத்தைப் பார்க்காதே. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பிடித்துவிடுவார். அந்த ஒரு பொய்யை அற்பக் கையில் செலவழித்துவிடாதே. ஒரு தடவை பிடிபட்டால் முடிந்தது.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். என் அக்காவுக்கு நான் கற்றுக்கொடுக்கிற படிப்பு இது.

ஆண்டிச்சாமி

நாகல் நகர்
20-4-1959

ஆண்டிச்சாமிக்கு,

ஜெயித்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் நாற்பது கொட்டை மேலே வந்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொட்டைக்கு ஆடி என்னத்தக் கண்டோம். எதுனாச்சும் வச்சு ஆடுவமா" என்று அவரே கேட்டார். நான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். "கேளு புள்ள, என்ன வேணும்" என்றார். வள்ளி மதுரைக்குப் போகணும் என்றேன். "சரி. நாளைக்கிச் சங்கு ஊதையில யாருகிட்டக் கொட்டை அதிகமோ அவுக சொல்லுறதுதான். நீ தோத்தா ஆவணியில வாயத் தொறக்கக் கூடாது" என்றார். நானும் சரி என்றேன்.

மறுநாள் நாலரை மணிக்கு அவரிடம் நூற்றிருபது, என்னிடம் எண்பது. அந்தக் கையில் ஏறி ஏறி ஆளுக்கு முப்பது கட்டியிருந்தோம். என் கையில் ஏழு, நாலு, இரண்டு. இனமும் வேறு வேறு. ஒன்றுக்கும் உதவாத கை. அவர் பேசவில்லை. தொடையில் கை நின்றுவிட்டது. அவரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் பொறுத்தால் நேரம் போய்விடும். நீ எழுதியது போலவே, அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல், மிச்சமிருந்த ஐம்பதையும் தள்ளிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் சீட்டைப் பார்த்தார். அப்புறம் கவிழ்த்துப் போட்டார். நான் எடுத்துச் சீட்டுக் கட்டோடு சேர்த்துக் கலைத்தேன். என்னிடம் நூற்றுப்பத்து, அவரிடம் தொண்ணூறு. அதற்குப் பிறகு சங்குக்கு முன்னால் இரண்டு கை ஆட நேரம் இருந்தது. இரண்டையும் சீட்டைப் பிரித்துப் பார்க்காமலே போட்டுவிட்டார். மனுஷர் அவ்வளவு உடைந்துபோய்விட்டார்.

நீ சொன்னதும் சரிதான், சொல் மாறவில்லை. அன்றைக்கே தன் அக்காவுக்குக் கடிதம் சொன்னார். அவருக்கு எழுத வராது என்பதால் நான்தான் எழுதினேன். கல்யாணம் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். பதினைந்து வருஷத்தில் இந்த வீட்டில் நான் நினைத்து நடந்த முதல் காரியம் இது. உன்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன்.

அக்கா

போடி
29-4-1959

அக்காவுக்கு,

சந்தோஷம். வள்ளி படிக்கட்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். ஒரு கையைப் பயந்து போடலாம். நானும் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இருபது கொட்டைதான் வித்தியாசம், கையில் தொண்ணூறு இருக்கிறது, இரண்டு கைக்கு நேரமும் இருக்கிறது. அந்த நிலைமையிலிருந்து கண்ணுசாமி மச்சான் திரும்பி வந்ததை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சீட்டைப் பார்க்காமலே இரண்டு கையையும் போட அவர் ஆள் இல்லை. அந்தப் பெரிய கையிலும் அவருக்கு நல்ல சீட்டு இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் பொய்யை அவர் நம்பினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று கிட்டங்கியில் நான் சீட்டை ஒளித்தது உண்மை. முழங்காலுக்கு அடியில் ஒரு ஆஸ் சீட்டு வைத்திருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. உன்னை ஆறு வருஷம் வைததெல்லாம் அந்த வெட்கத்தில்தான்.

ஆண்டிச்சாமி

நாகல் நகர்
19-7-1959

ஆண்டிச்சாமிக்கு,

நீ சீட்டை ஒளித்தது எனக்கு அன்றைக்கே தெரியும். சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றவளுக்கு உன் முழங்கால் தெரிந்தது. அதனால்தான் பேசாமல் நின்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அதற்கு இரண்டு பேருமே என்னை வைதீர்கள்.

கேட்டுக்கொள், அதற்கப்புறம் நடந்ததை. என் நாத்தனார் தொப்பம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். "ஏனுங்க தம்பி, இதென்ன கடுதாசி" என்று கேட்டாள். "சீட்டுல தோத்துட்டேன்க்கா. எம் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா" என்றார் கட்டிலில் கிடந்தபடி. இல்லையென்றால் தன் அக்கா முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டுமே. அந்தத் தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பழி முழுக்க என் தலையில் இறங்கியது. "பெத்த புள்ளைய வச்சுச் சூதாடுன பொம்பளைய இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

வள்ளி உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்குப் பந்தய விஷயம் தெரியாது. டீச்சர் வந்து பேசியதால் அப்பா மனம் மாறினார் என்று நினைத்திருந்தாள். என்னிடம் வந்து நிஜமா என்று கேட்டாள். நான் முட்டாள். பெருமையாகச் சொன்னேன். "ஏழு, நாலு, ரெண்டு. கையில ஒண்ணுமே இல்லாம ஒங்கப்பாவ ஜெயிச்சேன்டி" என்றேன்.

"ஒண்ணுமே இல்லாமயா என்னைய வச்சு ஆடுனீங்க?" என்று கேட்டாள். "தோத்திருந்தா கட்டிக் குடுத்திருப்பீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கட்டிலிலிருந்து சொன்னார்: "எங்கிட்ட ராசா ஜோடி இருந்துச்சு தாயி. ஒனக்காகத்தான் போட்டேன்." அவள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவரும் அழுதார். நான் உலையைப் பார்க்கப் போனேன்.

நீ எழுதியது சரி. விட்டுக்கொடுத்தார். அவர் சொல்வதற்கு முன்பே, நீ எழுதுவதற்கு முன்பே, அந்தச் சீட்டை எடுத்துக் கலைத்தபோது ராஜா ஜோடி கண்ணில் பட்டதுமே எனக்குத் தெரியும். உனக்கு நான் ஜெயித்ததாக எழுதினேன். எனக்கு அந்த ஒன்றாவது வேண்டியிருந்தது. என் சங்கிலி போனது, தோடு போனது, அப்பா கொடுத்த கறவைமாடு போனது. வள்ளிக்கு ஒரு குறை வராமல் நான் அரை வயிறு சாப்பிட்டு வளர்த்தேன். எல்லாவற்றையும் நிஜமாகத் தோற்றுக்கொண்டே வந்த மனுஷர் ஒரே ஒரு கையை வேண்டுமென்று தோற்றார், மகள் அவர் பக்கம் போய்விட்டாள். அவர்மேல் எனக்கு நன்றி இருக்கிறது. அதைவிட அதிகமாக ஆத்திரம் இருக்கிறது. வள்ளி கேட்ட கேள்விதான் மனசை விட்டுப் போகவில்லை. தோற்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று படுத்தால் எழுந்தால் யோசிக்கிறேன். வாயை மூடிக்கொண்டு கட்டிக்கொடுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் பிறந்ததும் வள்ளி இஞ்ஞாசியம்மாள் டீச்சரோடு மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரயிலில் ஏறும்போது பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போகலாம் என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்.

வாரம் ஒரு கடிதம் வருகிறது. "அன்புள்ள அப்பாவுக்கு" என்று ஆரம்பிக்கும். அவருக்குப் படிக்க வராது என்பது அவளுக்குத் தெரியாதா? நான்தான் படித்துக் காட்ட வேண்டும். கால் வலி எப்படி இருக்கிறது, கம்பு ஊன்றி நடக்கிறீர்களா, சீட்டாட வெளியே போகாதீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு இருக்கும். என்னைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது. பதிலும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். போன மாசம் "அம்மாவும் உன்னைக் கேட்டாள்" என்று அவர் சொல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். அதற்கு ஒன்றும் பதில் வரவில்லை.

நேற்று வந்த கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, கடைசியில், "அம்மா சுகமா இருக்காங்களா, வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அதில் இல்லாததை நானே சேர்த்து வாசித்தேன். அவசரப்படாமல், மற்ற வரிகளைப் படித்தது போலவேதான் வாசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சாப்பிடு புள்ள, அதான் சொல்லியிருக்கால்ல" என்றார்.

சுந்தரம்மாள்